என் மகள் கேட்ட கேமரா

பினாங்கு ஜார்ஜ்டவுனில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் என் மகள் மீனாவும் என்னோடு வந்துவிடுவாள். பன்னிரண்டு வயது. அவளுக்கு ஆட்டிசம், அதிகம் பேசமாட்டாள்.

ஒருநாள் கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஓர் அம்மா பட்டுப்புடவையில், தன் சின்ன மகனோடு வந்தார். அவனும் மீனாவைப் போலத்தான். பிளாஷ் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறியவன், தரையில் படுத்துவிட்டான்.

“எங்க போனாலும் இப்படித்தான் அண்ணே. இவனுக்கு ஒரு நல்ல படம்கூட இல்ல. பரவால்லலா, நாங்க கெளம்புறோம்” என்றார் அவர்.

மூலையில் இருந்த மீனா எழுந்து வந்து விளக்குகளை அணைத்தாள். அவனைத் தொடாமல் பக்கத்தில் படுத்து, சுழலும் மின்விசிறியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அழுகை மெல்ல நின்றது.

“கேமரா” என்று என்னிடம் கை நீட்டினாள்.

யாரிடமும் கொடுக்காத கேமராவைக் கொடுத்தேன். படுத்தபடியே எடுத்தாள். சன்னல் வெளிச்சத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

படத்தைப் பார்த்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “வீட்டுல இப்படித்தான் அண்ணே சிரிப்பான். வெளிய யாருமே பாத்ததில்ல. பாப்பா, எங்க ரெண்டு பேரையும் சேத்து எடுப்பியா?”

“நீங்களும் படுங்க ஆன்ட்டி” என்றாள் மீனா.

பட்டுப்புடவை கசங்குவதை நினைக்காமல் அவர் மகனருகே படுத்தார்.

இவள் உலகத்தோடு எப்படி ஒத்துப்போவாள் என்று வருஷக்கணக்காகக் கவலைப்பட்டவன் நான். அன்று என் சொந்த ஸ்டூடியோவில், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல், பெருமையோடு ஓரமாக நின்றேன்.