மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

“நீங்க இங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகாது.” சென்னையிலிருந்து வந்திருந்த ஆடிட்டர் இதைத் தமிழில் சொன்னார், நான் இந்தியில் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் தொழிலாளி மூக்கை மறைத்திருந்த துணியை அவிழ்த்து, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஆடிட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் புன்னகைத்தேன். நம்பலாம் என்பதுபோல.

அன்னூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நான் அப்போது ஹெச்.ஆர். பிரிவில் இருந்தேன். கணபதியிலிருந்து மில் பஸ்ஸில் போய்வருவேன். பள்ளி நாட்களில் அப்பா வற்புறுத்தி எழுதவைத்த இந்திப் பரீட்சைகள் அங்கேதான் உதவின. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண்களுக்கும் ஆபீஸுக்கும் நடுவே நான்தான் வாய். தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆடிட்டர்களை அனுப்பும் முன்பு, அந்தப் பெண்களை கேண்டீனில் உட்காரவைத்துப் பதில் சொல்லப் பழக்குவதும் என் வேலை. எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுகிறார்களா? விடுகிறார்கள். ஏதாவது குறை? இல்லை. பொய் சொல்லித் தருகிறேன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. விருந்தாளி வருமுன் வீட்டை ஒதுங்க வைப்பதுபோல ஒரு காரியம் என்றே நினைத்தேன்.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் தீதி, அக்கா, என்று இந்தியில் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். மற்றப் பெண்களைவிட மூத்தவர், முப்பது இருக்கும். கணவர் பெருந்துறையில் வேறொரு கம்பெனியில் இருந்தார். மூன்று வருடத்தில் எங்கள் பேச்சை அதன் இழுப்போடு பிடித்திருந்தார். “ஏனுங் மேடம், சாப்டாச்சுங்களா?” என்று அவர் கேட்டால் விடுதி வார்டன் சிரித்துவிடுவார். “இவள சத்தியமங்கலத்துக்காரின்னு சொல்லிக் கட்டிக் குடுத்துப்போடலாம்” என்பார்.

விதிப்படி மொழிபெயர்ப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். அன்று வரவேண்டியவர் வரவில்லை. மேனேஜர் என்னை உள்ளே அனுப்பினார்.

தீதி நான் பழக்கிய பதில்களைச் சொல்லவில்லை. கேண்டீன் தமிழ் இதற்குப் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இந்தியில், நிதானமாகச் சொன்னார். வயிற்றில் நான்கு மாதம். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னவர்களை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். மெஷினுக்கு மெஷின் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, சில நாள் பன்னிரண்டு மணி நேரம். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றினால் போதும், இங்கேயே இருந்து பெற்றுக்கொள்வேன்.

எனக்கு அப்போது ஐந்தாவது மாதம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. பேறுகாலச் சட்டம் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அதை இந்தியில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியவளும் நான்தான். ஆடிட்டர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“வேலை புடிச்சிருக்கு, குறை ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க சார்.”

ஆர்டர் போய்விடும், பழி என்மேல் விழும், பேறுகால விடுப்பு கிடைக்காது என்ற பயம் ஒரு பக்கம். வெளியாளிடம் எதற்கு, உள்ளேயே பதமாகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு மறுபக்கம். எது முதலில் வந்தது என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். தீதிக்குத்தான் தமிழ் தெரியுமே, அங்கேயே மறுத்துச் சொல்லியிருக்கலாமே என்றும் என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. ஆபீஸ் மேடம் ஒன்றைச் சொன்ன பிறகு, அது பொய் என்று ஒரு தொழிலாளி எந்த மொழியில் சொல்வார்?

வாசலில் அவர் கையைப் பிடித்து, மேனேஜரிடம் நானே சொல்லி வேலையை மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் கையை உருவிக்கொண்டு தமிழில் சொன்னார்: “வேண்டாங்க மேடம். உங்ககிட்டச் சொல்லலீங்க. அவர்கிட்டத்தான் சொன்னேன்.”

அப்படியும் சாயங்காலம் மேனேஜரிடம் சொன்னேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் என்னைத் தான் பெற்ற மகளைப் போலப் பார்த்து, “நல்ல வேளை சொன்ன கண்ணு, நாம பாத்துக்கலாம்” என்றார். மூன்றாம் நாள் தீதியின் கட்டிலில் வேறொரு பெண்ணின் பை இருந்தது. சொந்த விருப்பத்தில் விலகுவதாக ஒரு கடிதம் என் மேசைக்கு வந்தது. அதில் இருந்த எழுத்துகள் நான் முந்தின நாள் வெற்றுப் படிவமாக அச்செடுத்துக் கொடுத்தவை. கீழே அவர் கையெழுத்து மட்டும் புதிது. ஆடிட்டில் தேறியதற்காக மில் முழுக்க லட்டு கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

பிறகு என் விடுப்பு குறைவில்லாமல் கிடைத்தது. மகள் பிறந்தாள், நான் வேலைக்குத் திரும்பவில்லை. அவளுக்கு இப்போது மூன்று வயது. காய்ச்சல் வந்தால் மணிக்கு மணி தொட்டுப் பார்க்கிறேன். தீதியின் பிள்ளை பிறந்ததா, அந்த நீண்ட ரயில் பயணத்தை அவர் உடம்பு தாங்கியதா, எனக்குத் தெரியாது. கேட்க ஒரு எண்கூட என்னிடம் இல்லை.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். மறுபடி ஆடிட் வருகிறதாம், இந்தி பேச ஆள் இல்லையாம், திரும்ப வேலைக்கு வர முடியுமா என்றார். அதிகம் யோசிக்காமல் கேட்டுவிட்டேன், மாசமாக இருக்கிறவர்களுக்கு இப்போதாவது உட்காருகிற வேலை கொடுக்கிறீர்களா சார் என்று.

“அந்தத் தொந்தரவே இப்ப இல்ல கண்ணு” என்றார். குரலில் பெருமை. “ஆள் எடுக்கறப்பவே யூரின் டெஸ்ட் பாத்துத்தான் எடுக்கறோம். மாசாமாசம் விடுதியிலயும் பாத்துடறோம். அன்னைக்கு நீ வந்து சொன்னியல்ல, அதுக்கப்புறம் வந்த ஏற்பாடுதான்.”

“சரிங்க சார்” என்று சொல்லிப் போனை வைத்தேன். வேலைக்கு வர முடியாது என்று மறுநாள் செய்தி அனுப்பினேன். காரணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எழுதினேன்.