தூசி அறையும் என் சைக்கிள் பூட்டும்

தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒழுங்காக ஓடும்வரை, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. அந்த ஆள் நான். எனக்கு அநியாயம் செய்தவர் மண்டோர் ஞானப்பிரகாசம். ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், எண்பதுகளில் மலேசியாவில் ஈப்போ பக்கம் ரப்பர் மர நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்கு வந்தும் மண்டோர்தான். மூக்கில் துண்டு கட்டி வேலை பார்த்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

இலவச மாவு

காலையில் முதலில் கூரைமேல் இருக்கும் காற்றுக்குழாயைப் பார்ப்பேன். வெறும் காற்று வந்தால் நல்லது. தூசியும் சேர்ந்து வந்தால், தூசி அறைக்குள் தொங்கும் துணிப்பைகளில் ஏதோ ஒன்று கிழிந்திருக்கிறது. ஒருநாள் அப்படி வந்தது. நிறுத்திப் பார்க்கலாம் என்றேன். மண்டோர் விடவில்லை. மத்தியானத்துக்குள் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை மேரி அக்கா தலையை உதறிக்கொண்டே வந்துவிட்டார். "அண்ணே, ஒங்க கம்பெனி மாவு எனக்கு வேணாம்லா, தோசைக்கு நானே அரைச்சிக்கிறேன்!"

கட்டை

தூசி இறங்கும் தொட்டி அடைத்தால் வெளியிலிருந்து தட்ட வேண்டும். மரக்கட்டையால்தான் தட்டுவேன். இரும்பு பட்டுப் பொறி பறந்தால் தூசியே தீப்பிடிக்கும். காம்பார் ஊரிலிருந்து வந்த மெக்கானிக் முனியாண்டி நம்பவில்லை. வெளியே போய், ஒரு பிடித் தூசியைத் தூவி லைட்டரைக் கொளுத்தினான். குப்பென்று எரிந்தது. முகத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: "கட்டையிலேயே தட்டுறேண்ணே, போன புருவம் திரும்ப வருமா?"

பூட்டு

தூசி அறைக்குள் போகிறவன், வேறு யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலை பூட்டு தரவில்லை. என் சைக்கிள் பூட்டைத்தான் மாட்டுவேன். ஒரு மத்தியானம் நான் உள்ளே பை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே நாற்காலி ஏற்ற லோரி காத்திருந்தது. மண்டோர் பூட்டை அறுத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

பைகளெல்லாம் ஒரேயடியாக உதறின. கண் தெரியவில்லை. காற்று இழுத்த இழுப்பில் கதவைத் தள்ள முடியவில்லை. கையிலிருந்த கட்டையால் தகரத்தை அடித்தேன். கட்டைச் சத்தம் உள்ளேயிருந்து கேட்டதும் நான் மாட்டிக்கொண்டது தெரிந்து, முனியாண்டி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான்.

வெளியே வந்து பார்த்தால் பூட்டைக் காணோம். அறுத்ததை முனியாண்டியும் பார்க்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் எனக்குத்தான் வந்தது. முதலாளியிடம் மண்டோர் சொன்னதை நான் மறக்கவில்லை: "பூட்டே இல்ல பாஸ், மறந்துட்டு உள்ள போயிட்டாரு."

கல்யாண வீடு

இரண்டு வருடம் கழித்து சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் மண்டோர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்து என் காதில் சொன்னார்: "அந்தப் பூட்டு என் வீட்டுலதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரல." எதிரே எங்கள் தொழிற்சாலை ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "இத அவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க" என்றேன். அவர் இலையைப் பார்த்தார். "சாப்பாடு ஆறுது, சாப்புடுங்க."

அவராக வந்து எல்லாரும் பார்க்க அந்தப் பூட்டைத் தரட்டும் என்று, இன்றுவரை வேறு பூட்டு வாங்காமல் சைக்கிளைக் கயிற்றால்தான் கட்டி வைக்கிறேன்.