டெல்லியிலிருந்து வந்த கடிதம்

இன்னிக்கு தாம்பரம் பஸ்ல கதிரேசனைப் பார்த்தேன். தொண்ணூறுகள்ல ராஜகீழ்ப்பாக்கத்துல ரெண்டு பேரும் சேர்ந்து சின்னதா ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி நடத்தினோம்.

படகு கவிழ்ந்தா தானாவே கரைக்கு சிக்னல் அனுப்புற கருவி ஒண்ணு செஞ்சோம், கோவளம் மீனவர்களுக்காக. முழுக்க அவன் மூளை. ஆராய்ச்சியைத் தொடர அரசாங்க மானியத்துக்கு விண்ணப்பிச்சோம். கொடுத்தது என் வீட்டு விலாசம்.

இன்னிக்கு பஸ்ல பக்கத்துல உட்கார்ந்ததும் கேட்டான்: "மச்சான், அவங்க ஒரு பதில்கூட போடலையே. நம்ம ஐடியா அவ்ளோ மட்டமாவா இருந்துச்சு?"

பதில் வந்துச்சு. ரெண்டு பேரும் டெல்லிக்கு நேர்காணலுக்கு வரணும்னு.

அதே வாரம் எனக்கு மறைமலை நகர்ல வேலை கிடைச்சிருந்தது. அதை விட மனசில்ல. கடிதத்தை ஒளிச்சுட்டு, "ஒண்ணும் வரலடா"ன்னேன். அவன் கம்பெனியை மூடினான். அப்புறம் எதையுமே செஞ்சு பார்க்கல.

படகு கவிழ்ந்ததுன்னு செய்தி வந்தா நான் டிவியை அணைச்சுடுவேன்.

"கவர்ன்மென்ட்னா அப்படித்தான்டா"ன்னு இன்னிக்கும் சொன்னேன். "அதுவும் சரிதான்"னு சிரிச்சுட்டு இறங்கிட்டான்.

போய்ச் சொல்லிடலாமா? நீங்களே சொல்லுங்க. அவன் நெட்ல இந்த மாதிரி பக்கமெல்லாம் படிக்க வரமாட்டான். அந்தத் தைரியத்துலதான் இதையே எழுதுறேன்.