எதிரி கொடுத்த மென்பொருள்

பக்கத்து வீட்டுக்காரரோடு எனக்குப் பேச்சு நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. காரணம் பலாமரம். மரம் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்த சுரங்கக் கம்பெனியுடையது, வேர் என் தோட்டத்தில், காய்ப்பதெல்லாம் அவர் பக்கத்துக் கிளையில். மரத்துக்குக்கூட யாரோடு சேர வேண்டும் என்று தெரிந்திருந்தது. குவார்ட்டர்ஸை மாற்றிக்கொண்டு ஏதாவதொரு பிளாக்குக்கு ஓடிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த நான்கு வருடமும் எனக்கு வேறு லட்சியம் இல்லை.

காலி வீடுகளின் பட்டியலை முன்பெல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அந்த வருடம் பி.டி.எஃப். கோப்பாகக் கணினியில் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை ஆபீசில் அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அங்கேயே திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் நான் எந்த வீட்டின்மேல் கண் வைத்திருக்கிறேன் என்பது ஷிஃப்ட் முடிவதற்குள் மைன்ஸ் வரைக்கும் போய்விடும். என்னைவிட சீனியர் எவனாவது அதே வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவான். இந்த ஊரில் சர்க்கரை வியாதியைக்கூட வெளியே சொல்வார்கள், விரும்பும் வீட்டு எண்ணைச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக் கணினியோ கிழம். அதிலிருந்த பி.டி.எஃப். ரீடர் முதலில் தன் படத்தைக் காட்டும், பிறகு அப்டேட் கேட்கும், பிறகு அப்படியே உறைந்து நிற்கும். சரி, எடை குறைந்த, இலவசமான வேறொன்றைத் தேர்ந்தெடுப்போம் என்று உட்கார்ந்தேன். படித்தவன் அல்லவா, கண்டதையும் இறக்கிவிட முடியுமா? இரண்டு மாலைகள் விமர்சனங்களாகவே படித்தேன். ஓரத்தில் குறிப்பு எழுதலாம், கையெழுத்துப் போடலாம், சத்தம் போட்டு வாசித்தும் காட்டும் என்று மூன்றைப் பொறுக்கினேன். ஒன்று நான் கேட்காத தேடல் பட்டையைக் கொண்டுவந்து ஒட்டியது. இன்னொன்று புரியாத மொழியில் என்னைத் திட்டியது. மூன்றாவதை நிறுவியதும் கணினியே ஒரு மணி நேரம் படுத்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்ததோ நான்கு பக்கம் படிப்பது மட்டும்.

புதன்கிழமை மாலை நான் கணினியை அறைந்த சத்தம் சுவரைத் தாண்டியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாங்க சார், மூணு நாளா அடிச்சிகினே கெடக்கறீங்க? சொவரு எங்க வூட்டுக்கும் சேத்துதாங்க."

"ஒரு லிஸ்ட் திறக்க மாட்டேங்குது" என்றேன். நான்கு வருடத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"குவார்ட்டர்ஸ் லிஸ்ட்டா?"

அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை நான் பார்த்ததே இல்லை. ஓடிப்போய்ப் பென் டிரைவோடு வந்தார். "இத போடுங்க. சின்னது. படிக்கறதத் தவிர இதுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குப் போய் நீங்க எதுக்கு..."

"பின்ன? நீங்க போவணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

ஐந்தே நொடியில் பட்டியல் திறந்தது. முதல் பக்கத்தின் தலையிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது: விருப்பப் படிவம் தர வேண்டிய கடைசி நேரம், புதன்கிழமை மாலை ஐந்து மணி. வழக்கமாக ஒரு வாரம் கொடுப்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் நான் விமர்சனம் படித்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறேகால்.

என் தோளுக்கு மேலே அவரும் படித்துவிட்டார். "அடுத்த லிஸ்ட் எப்பங்க?"

"அடுத்த வருஷம்."

பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "அலமாரி அலமாரியா பொஸ்தவம் வச்சிகினு, நாலு பக்கத்த நேரத்துல படிக்கத் துப்பில்ல" என்றபடி படியிறங்கினார்.

இத்தனை வருடத்தில் அவர் சொன்னதில் எனக்கு நியாயமாகப் பட்டது அது ஒன்றுதான். அதற்காக அவரை மன்னிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.