செவ்வாய்ப் பாறையைத் தலைகீழாக மாட்டிய மாலை

செவ்வாய் கிரகத்தில் ரோவர் என்கிற ஆளில்லா வண்டி இறங்கியிருந்த வருடம் அது. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் நான் ஜியாலஜி வாத்தியார். அந்த வண்டி அனுப்பிய ஒரு பாறைப் படத்தை பிரவுசிங் சென்டரில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுக்கடுக்கான பாறை, ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் மெல்லிய சாய்ந்த கோடுகள். ஓடுகிற தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு போனால் விழுகிற கோடுகள். செவ்வாயில் தண்ணீர்! பார்த்தவரையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். தொல்லை தாங்காமல், எங்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுக்கும் நண்பன், பம்மலில் தன் குடியிருப்போர் சங்கத்தில் என்னைப் பேச வைத்தான்.

"எங்க ஏரியா மச்சான். என் மானத்த வாங்கிடாத."

வானமோ தரையோ தெரியாமல் பாறையை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம். பெரிதாக அச்சடித்து, அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினேன். பேச்சு சூடு பிடித்தது. "இந்தக் கோடு அடியில் மெதுவாக வளைந்து படியும். அதன் மேல் நுனியை, அடுத்து வந்த தண்ணீர் ஓட்டம் சீவிவிடும். அதனால் மேலே வெட்டினாற்போல் இருக்கும், பாருங்கள்" என்று குச்சியை வைத்தேன்.

வெட்டு கீழே இருந்தது. வளைவு மேலே இருந்தது.

தண்ணீர் குடித்தேன். செவ்வாயில் விதியே வேறு என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடலாமென்றால் வாசலில் நண்பன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"தலைகீழாக மாட்டிவிட்டேன்" என்று அட்டையைக் கழற்றித் திருப்பினேன். சபை சிரித்தது. முன்வரிசையிலிருந்த ஓர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"எப்டி சார் சொல்றீங்க? பாறையே அங்க கவுந்து கெடந்தா?"

என் பயம் போன இடம் தெரியவில்லை. என்ன அருமையான கேள்வி!

"உருண்டு வந்த கல்லுன்னா கவுந்திருக்கலாம்க்கா. இது பள்ளத்துச் சுவர்லயே பதிஞ்ச பாறை, நகரல. அப்ப கவுந்தது என் அட்டைதான். அத அந்தக் கல்லே நமக்குச் சொல்லுது. அங்கயும் மணல் கீழருந்துதான் மேல அடுக்கும்."

"கல்லுக்குத் தெரியுது, சாருக்குத் தெரியல" என்றான் வாசலிலிருந்து நண்பன்.

கொண்டுவந்திருந்த இன்னொரு பாறைப் படத்தை மாட்டுவதற்குள், இது நேரா தலைகீழா என்று எல்லோரும் கழுத்தைச் சாய்த்துவிட்டார்கள்.

"வெட்டு மேல கீது, நேராத்தான் கீது" என்றார் பின்வரிசைப் பெரியவர் ஒருவர்.

"எங்க? இடது ஓரத்தப் பாருங்க, அடியில வளையவே இல்ல" என்றார் அக்கா.

சபை இரண்டு கட்சியானது. நண்பன் வாசலிலிருந்து விறுவிறுவென்று வந்து என் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பெரியவர் கட்சிக்குப் பேச ஆரம்பித்தான். நான் போய் அக்கா கட்சியில் உட்கார்ந்தேன்.