ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்றமும் திறக்காத கலங்கரை விளக்கமும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் வறுத்த சங்கரா மீன் வாசம் அடிக்கும். மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் தாசு மாமா, அம்மாவின் தம்பி, கையோடு மீன் வாங்கி வந்துவிடுவார். சர்ச்சிலிருந்து வந்த சூட்டோடு அம்மா அதற்கு மிளகாய்த்தூள் தடவிப் பொரித்துப் போடுவாள். சாப்பிட்ட கையைப் பேருக்குத் தண்ணீரில் நனைத்துவிட்டு என் அண்ணன் பிரபு போய் விசைப்பலகையின் முன்னால் உட்காருவான். மெஷின் சூடேற ஏற, பழைய பிளாஸ்டிக் வாசமும் மீன் வாசமும் கலந்து அந்த ஒற்றை அறை முழுக்க நிற்கும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது சங்கரா பொரிந்தால் எனக்குப் பசியோடு சேர்த்துச் சண்டை போடும் ஆசையும் வருகிறது.

சண்டை என்றால் சொத்துச் சண்டையோ குழாயடிச் சண்டையோ அல்ல. ஒரு சாகச விளையாட்டின் மூன்று பாகங்களில் எது உசத்தி என்பதுதான் வழக்கு. இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு மழைக்காலம், தீபாவளிக்குத் தொடங்கிப் பொங்கல் வரைக்கும், செங்கல்பட்டில் ஏரிப்பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த எங்கள் வாடகை வீட்டில் இந்த வழக்கு வாராவாரம் நடந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும், பிரபு ஒன்பதாவது படித்தான். அந்த மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் சொல்லத் தோன்றுவதில்லை.

கணிப்பொறி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த பிறகு அம்மாவின் டைப்பிஸ்ட் வேலைதான் எங்களுக்குச் சோறு. கல்யாணத்துக்கு முன்பே தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து "லோயர்", "ஹையர்" இரண்டு பரீட்சையும் முடித்தவள். அவள் விரல் வேகத்தை அலுவலகத்தில் யாரும் குறை சொன்னதில்லை. அந்த அலுவலகத்தில்தான் திடீரென்று, தட்டச்சு மெஷின்களை எல்லாம் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறோம், பொங்கல் கழிந்ததும் எல்லோருக்கும் ஒரு பரீட்சை, தேறியவர்கள் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாமா வேலை பார்த்தது மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில். சிற்பம் செதுக்கக் கற்றுக்கொள்ள வந்து மாதக்கணக்கில் அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது தன் பழைய கம்ப்யூட்டரை மாமாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். மாமா அதைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து இறக்கினார். கூடவே ஒரு செருப்புப் பெட்டி நிறைய டிஸ்குகள். அந்தப் பெட்டிக்குள்தான் எங்கள் மாலுமி இருந்தான்.

காணாமல் போன தன் கூட்டாளிகளைத் தேடித் தீவு தீவாக அலையும் ஒரு மாலுமியின் கதை அது. மூன்று பாகங்களுக்கும் நாங்கள் வைத்த பெயர்கள் வேறு. முதல் பாகம் "தட்டுறது": அதில் படம் கொஞ்சம், எழுத்து அதிகம், கதவைத் திற, கயிற்றை எடு என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டித்தான் மாலுமிக்கு உத்தரவு போட வேண்டும். இரண்டாவது "கிளிக்கு": மௌஸைக் காட்டிச் சொடுக்கினால் போதும். மூன்றாவது "பேச்சு": அதில் மாலுமி வாய் திறந்தே பேசுவான், அலைச்சத்தம்கூடக் கேட்கும். மாமாவும் பிரபுவும் பேச்சுக் கட்சி. நான் கிளிக்குக் கட்சி. அதில் ஒரு தீவில் பேசும் ஆடு இருந்தது, அதற்காகவே என் ஓட்டு. தட்டுறதுக்கு முதலில் நாதியே இல்லை.

அம்மா அந்த மெஷின் பக்கமே வரமாட்டாள். மௌஸைத் தொடச் சொன்னால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"எக்கா, இன்னாத்துக்கு இப்டி பயந்துக்குற? அது இன்னா கடிக்கவா போவுது?" என்பார் மாமா.

"எதுனா அமுக்கி எதுனா ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டும். ஓசில வந்ததுதான?"

அவளை அதன் முன் உட்கார வைத்தது மாமாவின் புத்திமதி அல்ல, பிரபுவின் ஒற்றை விரல். ஒரு ஞாயிறு அவன் முதல் பாகத்தைப் போட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தான். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். டொக். வெகுநேரம் கழித்து இன்னொரு டொக். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கத்தியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"இன்னாடா இது, கோழி கொத்தற மாதிரி கொத்திகினுகீற! எந்திரி."

உட்கார்ந்தாள். விரல்கள் தாமாக இடம் பிடித்தன. படபடவென்று ஒரு வரி ஓடியது. அவள் அடித்தது என்ன தெரியுமா? ‘கைண்ட்லி ஓப்பன் தி டோர்.’ அலுவலகக் கடிதம் அடித்தே பழகிய கை, மாலுமியிடமும் தயவுசெய்து என்றுதான் கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று மெஷின் பதில் சொல்ல, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மாலைக்குள் மாலுமியை முதல் தீவிலிருந்து கரையேற்றிவிட்டுத்தான் எழுந்தாள். வெங்காயம் நறுக்கிய இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து தட்டுறதுக்கு ஆள் கிடைத்துவிட்டது, அதுவும் எப்பேர்ப்பட்ட ஆள்! தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் வந்த பட்டிமன்றத்தைப் பார்த்து நாங்களும் ஒன்று தொடங்கினோம். சாப்பிட்டு முடித்ததும் மாமா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடுவராக அமர்வார். ஆளுக்கொரு பாகத்துக்காக வாதாட வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. ஜெயித்த பாகத்தைத்தான் அன்று ஆடலாம், தோற்றதை அடுத்த ஞாயிறு வரை தொடக் கூடாது. நடுவரே பேச்சுக் கட்சி என்பது ஊரறிந்த ரகசியம். ஆனாலும் அம்மா வாதாடும் ஞாயிறுகளில் அவரால் மனசாட்சியை மீற முடியாது.

"கிளிக்குல இன்னா கீது? எதுத்தாப்ல கீறதத் தொட்டா தொறக்குது, பச்சக் கொழந்தகூடத் தொடும்" என்பாள் அம்மா. "பேச்சுல அவனே எல்லாத்தையும் சொல்லிட்றான். தட்டுறதுலதான் நம்ம வாய்ல இருந்து வரணும். இன்னா கேக்கணும்னு நாமதான் யோசிக்கணும்."

அலுவலகத்தில் அவள் யார் சொன்னதையோ யார் எழுதியதையோதான் காலமெல்லாம் தட்டினாள். சொந்தமாக ஒரு வரி யோசித்து அடித்தது அந்த விளையாட்டில்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது எங்களுக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது? "தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிறாளே எங்கக்கா!" என்று மாமா தலையில் அடித்துக்கொள்வார்; அடித்துக்கொண்டே அவள் பக்கம் தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

வார நாட்களில் அம்மா பரீட்சைக்குப் பழகினாள். கடிதங்கள் பிசகில்லாமல் வந்தன. கட்டம் போட்டு எண்களை அடித்தால் மெஷினே கூட்டிச் சொல்லும் ஒரு வசதி இருந்தது, பரீட்சையில் அது கட்டாயம் வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதில்தான் தகராறு. அம்மா அடித்த எண்களுக்குக் கூட்டுத்தொகை தப்புத் தப்பாக வந்தது. "பழைய மெஷினு, கணக்கு மறந்து போயிருக்குது" என்று அவள் சொல்ல, "தானம் குட்த்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குறா பாரு" என்று மாமா கோபித்துக்கொண்டார். அலுவலகத்து மெஷின் புதியது, அது ஒழுங்காகக் கூட்டும் என்று அம்மா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மார்கழி வந்தபோது மாலுமி கலங்கரை விளக்கத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தான். முதல் பாகத்தின் கடைசிக் கட்டம் அது. கப்பல் மூழ்கிய வருடத்தை அடித்தால் கதவு திறக்கும். வருடம் பக்கத்திலேயே ஒரு கல்லறையில் பொறித்திருந்தது. இதைவிடச் சுலபமான புதிர் அந்த மூன்று பாகங்களிலும் கிடையாது. அம்மா பார்த்தாள், அடித்தாள். கதவு அசையவில்லை என்றது மெஷின். மறுபடியும் அடித்தாள். கதவு அசையவில்லை. அடுத்த ஞாயிறும் அவள்தான் அடித்தாள், அதே கதை. தீவு முழுக்கத் தேடினோம், கல்லறையை நூறு முறை படித்தோம். வேறு வருடமே அங்கே இல்லை.

பிரபுவுக்குக் கொண்டாட்டம். பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு பட்டிமன்றத்தில் எழுந்து நின்று முழங்கினான்.

"நடுவர் அவர்களே! தட்டுறது கேம் கிடையாது, ஓட்ட டப்பா. கரீக்டான பதிலையே ஒத்துக்க மாட்டேங்குது. இத்த இனிமே லிஸ்ட்லயே வைக்கக் கூடாது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் அவள் குரலில் தெம்பு இல்லை. பரீட்சை அந்த வாரக் கடைசியில் இருந்தது. கூட்டுத்தொகையும் சரியாக வரவில்லை, கதவும் திறக்கவில்லை. தான் தொட்டதெல்லாம் இந்த மெஷினுக்கு ஆகவில்லை என்று அவள் நினைத்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. மாமாகூட அன்று விளையாட்டுக்குச் சிரிக்கவில்லை.

"சரிடா, வாயால சொன்னா போதுமா? எல்லார் முன்னாலயும் அட்ச்சுக் காட்டு. தொறக்கலன்னா தட்டுறது அவுட்டு" என்றார்.

பிரபு வெற்றி பெற்ற தலைவனைப் போல உட்கார்ந்தான். ஒற்றை விரலை நீட்டித் தேடித் தேடி, அதே கல்லறை வருடத்தை அடித்தான். டொக், டொக், டொக், டொக்.

கதவு திறந்தது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா இன்னா ஆச்சோ என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். தன் வாதத்தைத் தானே தோற்கடித்துக்கொண்ட பிரபு திறந்த வாய் மூடாமல் உட்கார்ந்திருந்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நீ இன்னா அட்ச்ச?"

"நீ அட்ச்சதுதாம்மா. அதே வருஷந்தான்."

"பொய் சொல்லாத. பழையபடி கதவு மூடியிருக்கற எடத்துக்குப் போயி, திரும்ப அடி. மெல்ல அடி."

அவன் திரும்ப அடித்தான். அவள் திரையைப் பார்க்கவே இல்லை, அவன் விரலையே பார்த்தாள். விரல் மேல் வரிசையின் இடது ஓரத்துக்குப் போய் முதல் எண்ணைத் தட்டியது. அம்மா அப்படியே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அங்க ஒன்னு கீதா?"

"பின்ன எங்கம்மா இருக்கும்?"

அவள் பழகிய தட்டச்சு மெஷினில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. மேல் வரிசை இரண்டில்தான் தொடங்கும். ஒன்று வேண்டுமென்றால் ஆங்கிலச் சின்ன ‘எல்’ எழுத்தை அடிக்க வேண்டும், தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழும். இன்ஸ்டிட்யூட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அத்தனை வருடமும் அப்படித்தான் அடித்தாள். பார்த்த கண்ணுக்கு அது ஒன்று. மெஷினுக்கு அது வெறும் எழுத்து. கதவு திறக்காததற்கும் கணக்கு கூடாததற்கும் காரணம் அந்த ஒரு விரல்தான்.

அம்மா பிரபுவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். மாலுமியை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கட்டங்களைத் திறந்து, ஒரு வரிசை எண்களை அடித்தாள், இந்த முறை மேல் வரிசையிலிருந்து. கூட்டுத்தொகை அச்சாக வந்தது. முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அங்க போயி இத்த அடிச்சிருப்பேனே, கர்த்தரே! ஆபீஸ்ல எல்லார் எதுர்லயும் இத்த அடிச்சிருப்பேனே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மாமா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நடுவர் தீர்ப்பு: தட்டுறது" என்றார்.

பழகிய விரலை மாற்றுவது லேசில் முடிந்துவிடவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் அலுவலகம் விட்டு வந்ததும் நானும் பிரபுவும் மாற்றி மாற்றிப் பிறந்த தேதிகளாகச் சொன்னோம், சொந்தக்காரர்கள் தீர்ந்து போய் மாமா ஊர்க்காரர்கள் வரைக்கும். விரல் பழைய பக்கம் ஓடும்போதெல்லாம் பிரபு "கதவு அசையவில்லை!" என்று கத்துவான். பரீட்சை அன்று சாயங்காலம் அம்மா வந்து கைப்பையை ஆணியில் மாட்டினாள். நாங்கள் கேட்கப் பயந்து நின்றோம்.

"ஞாயித்துக்கெழம இல்லன்னாலும் பரவால்ல. தட்டுறதப் போடு, அந்தக் கதவுக்கு உள்ள இன்னா கீதுன்னு பாத்துடலாம்" என்றாள்.

பிறகு அதே அலுவலகத்தில் வேலை பார்த்துத்தான் அவள் ஓய்வு பெற்றாள். அந்தச் சம்பளத்தில்தான் பிரபு டிப்ளமா முடித்தான். நான் பொத்தேரியில் காலேஜ் படித்தேன். இப்போது தினமும் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆபீஸ் பஸ்ஸில் போய் வருகிறேன். அந்தக் கணிப்பொறி என்றோ காயலான் கடைக்குப் போய்விட்டது, செருப்புப் பெட்டி வீடு மாற்றும்போது எங்கோ தொலைந்தது. மாமல்லபுரத்து விடுதி இருந்த இடத்தில் வேறு ஏதோ கட்டிவிட்டார்கள். மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது தீர்ப்புச் சொல்ல ஆளில்லாததால் எங்கள் வழக்கு நிலுவையிலேயே நிற்கிறது.

சென்ற கிறிஸ்துமஸுக்குப் பிரபு வந்திருந்தான். அந்த மூன்று பாகங்களும் இப்போது புதுசாகத் தீட்டிச் செல்போனுக்கே வந்துவிட்டன என்று காட்டினான். முதல் பாகத்தில்கூடத் தட்டுவதற்கு ஒன்றுமில்லை, தொட்டாலே கதவு திறக்கிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தாள். "நம்மள ஒன்னுமே கேக்க மாட்டேங்குதே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சும்மா இருப்பேனா நான்? சரி, இப்போதாவது ஒத்துக்கொள், மூன்றில் எதுடா உசத்தி என்று பிரபுவைச் சீண்டினேன்.

"பேச்சுதான். அதுல சந்தேகமே இல்ல" என்றான், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல். அப்புறம் அம்மா இருந்த பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னான்:

"தட்டுறதுக்கு ஓட்டு மட்டும் போட மாட்டேன். ஆனா எங்க பாத்தாலும் கையெடுத்துக் கும்புடுவேன்."