மணலிலிருந்து சீக்கிரம் எடுத்த அச்சு

என் அக்கா குணவதியின் புருஷன் நல்லமுத்துவைப் பற்றி டத்தோ கிராமாட்டில் யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். வேலை சுத்தம், வாய் மோசம். இரண்டும் உண்மை. வெல்டிங் பட்டறை வைத்து நாற்பது வருஷமாகிறது. லாரிச் சட்டம், கடைக் கதவு, கோயில் கிராதி என்று அவர் கை படாத இரும்பு அந்த வட்டாரத்தில் குறைவு. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பட்டறை வாசலில் காவடிச் சட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் சரிசெய்து அனுப்புவார்.

'ஒட்டு விட்டுப்போச்சு' என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. சோறு சாப்பிடும்போதுகூட அதைச் சொல்வார். நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் முப்பது வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன். நூற்றில் ஒன்று கெட்டுப்போவது எனக்குச் சாதாரணம். அவரிடம் அப்படிச் சொன்னால் அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணீர் கிடைக்காது.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. தேர் நாளும் பூச நாளும் ஆயுதத்தைத் தொட மாட்டார். தேர் புறப்படும் நாள் விடிவதற்குள் குளித்துப் பட்டறையைப் பூட்டிவிட வேண்டும். மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் தண்ணீர்ப் பந்தலில் வெறுங்காலோடு நின்று மோர் ஊற்றுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

போன தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அஸ்லான் வந்தார். சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவர். முப்பத்தைந்து வயது, மரியாதைக்காரர். பாலிக் பூலாவ் பக்கம் மலை மேலே அவருடைய அம்மா வழியில் வந்த ஜாதிக்காய்த் தோட்டம் இருக்கிறது. அதற்குப் போக ஒரு பழைய ஜீப். மழையில் மலைப்பாதை கெட்டு, சக்கரம் ஓடும் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மேடு எழுந்துவிட்டது. பின்னச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரித் தொங்கும் கியர் பெட்டி அந்த மேட்டில் இடித்து உட்கார்ந்துவிடுகிறது. யாரோ பேச்சைக் கேட்டு ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தியும் இருக்கிறார். இடிப்பது நிற்கவில்லை.

ஸ்பிரிங்கை மாற்றினால் உடம்புதான் உயரும், அச்சு சக்கரத்தோடு கிடக்கிற இடத்திலேயே கிடக்கும் என்று மச்சான் நல்லமுத்து கத்தினார். உயரமான சட்டை போட்டால் கால் நீளுமா என்று கேட்டார். பெரிய டயர் போட்டால் உரசும். கியர் பெட்டியின் அடிவயிற்றை அறுத்துத் தட்டையாகத் தகடு வைத்து ஒட்டினால் இரண்டு விரல் உயரம் கிடைக்கும் என்று சொல்லி வேலையை ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பெட்டி வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்புக்கு அவசரம் ஆகாது என்று எனக்கே அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதலில் சூடு காட்ட வேண்டும். ஓர் அங்குலம் ஒட்டி, தட்டி, பொறுத்து, அடுத்த அங்குலம். முடித்ததும் காய்ந்த மணலில் முழுக்கப் புதைத்து மறுநாள் வரை கிடக்க விட வேண்டும். சூடு மெதுவாக இறங்காவிட்டால் ஒட்டின் ஓரமாகவே விரிசல் விட்டுவிடும். தேருக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு அவர் அதை மணலில் புதைத்ததை நான் பார்த்தேன். அன்று சாயங்காலமே அஸ்லான் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார் என்பது எனக்குத் தெரியாது.

பூசத்தன்று காலை பந்தலில் மச்சான் சரியாக இல்லை. யாரையும் திட்டவில்லை. மோரைக் கப்பில் ஊற்றாமல் மேசையில் ஊற்றினார். பத்து மணிவாக்கில் கைப்பேசியைக் காதில் வைத்துக் கேட்டவர், பந்தலுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை. நெஞ்சுவலி என்று நினைத்து ஓடினேன். அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அஸ்லான் பேசி அனுப்பியிருந்த குரல் பதிவு.

"அண்ணே, சூப்பர்லா. மேட்டுல ஒரு எடத்துலயும் இடிக்கல. பின்னாடி மட்டும் ஏதோ நாத்தம் வருது, அழுகின முட்டை மாதிரி. புதுசா செஞ்சா அப்படித்தானா?"

ஒன்பது மணிக்கு அனுப்பியது. அந்த நாற்றம் கியர் எண்ணெயின் நாற்றம் என்பது எனக்கும் தெரியும். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தேர் நாள் பட்டறை திறந்திருக்கக் கூடாது என்று இரண்டு மணிக்கே மணலிலிருந்து எடுத்துவிட்டாராம். துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்ததாம். வண்டியில் பூட்டி எண்ணெய் ஊற்றிவிட்டுக் கை கழுவும்போது டிக்கென்று ஒரு சத்தம்.

"கூரைத் தகரம்னு நெனச்சுக்கிட்டேன் சிவா. நெனச்சுக்கிட்டு, மேல கறுப்புப் பெயிண்ட் அடிச்சுட்டேன்."

நாற்பது வருஷ வெல்டருக்குத் தகரத்தின் சத்தமும் வார்ப்பிரும்பின் சத்தமும் ஒன்றா? பார்த்தால் விரிசல் தெரிந்துவிடும், தெரிந்தால் வேலையைத் திரும்பத் திறக்க வேண்டும். அதனால் பார்க்கவில்லை. அஸ்லானைக் கூப்பிட்டேன். மணி போகவேயில்லை. பதினாறு முறை கூப்பிட்டிருப்பேன். மலையில் அங்கங்கேதான் லைன் கிடைக்கும்.

எண்ணெய் இல்லாத கியர் ஓடி ஓடிச் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது பிடித்தால் வண்டி நிற்கும். இறங்கும்போது பிடித்தால் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். அந்தப் பாதையின் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. அவர் இறங்குவதற்குள் நாங்கள் போயாக வேண்டும்.

பூசத்துக்காக அடைத்திருந்த சாலைகளுக்கு அப்பால்தான் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். ஊரே தண்ணீர்மலையைப் பார்த்து வருகிறது, நாங்கள் இருவர் மட்டும் எதிரே போகிறோம். காவடி வந்தால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு காவடிக்கும் மச்சான் கைகூப்பி நின்றார். அந்தச் சட்டங்களில் பாதி அவர் ஒட்டியவை. வண்டியை அடைய முக்கால் மணி நேரம் ஆனது.

பாயா தெருபோங் தாண்டி மலைச்சாலையில் போகும்போது நான் அவருக்காக வாதாடிக்கொண்டே வந்தேன். அஸ்லான் அவசரப்படுத்தியிருப்பார். வண்டியில் அஸ்லான் ஒருவர்தானே, நிதானமாக ஓட்டுகிறவர்தானே. இப்படி எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்திருந்த அவர் பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது.

தோட்டப் பாதை தொடங்கும் இடத்தில் என் மோட்டார் சைக்கிள் ஏறவில்லை. அதைப் போட்டுவிட்டு நடந்தோம். நடு மேட்டில் புல்லின் மேல் எண்ணெய்ச் சொட்டுகள். முதலில் சாண் இடைவெளியில் இருந்தன. அவர் குனிந்து குனிந்து பார்த்தபடி ஏறினார். கல் குத்தி வெறுங்காலில் இரத்தம் வந்தது, அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் சொட்டுகள் முழ இடைவெளியாயின. பிறகு பத்தடிக்கு ஒன்று. ஒரு பாறைக்கு அப்புறம் சொட்டே இல்லை. ஒழுகுவது நின்றுவிட்டது மச்சான் என்று முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

"ஒழுக ஒண்ணும் இல்லடா," என்றார்.

அப்போதுதான் மேலே இஞ்சின் சத்தம் கேட்டது. அவர் ஓடினார். ஐம்பத்தெட்டு வயசு, மூட்டு வலி என்று அக்காவிடம் தைலம் தேய்க்கச் சொல்கிறவர், அந்தச் செங்குத்தில் கையை ஊன்றி ஊன்றி ஓடினார். நானும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். முருகா என்றுதான் கத்தினேன், வேறெதுவும் வாயில் வரவில்லை. வளைவுக்கு மேலே ஜீப்பின் முகம் தெரிந்தது. பின்னாலிருந்து கல் அரைபடுகிற மாதிரிச் சத்தம். மச்சான் நடுப்பாதையில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். ஜீப் சறுக்கி, ஒரு பக்கம் திரும்பி, அவருக்கு நாலடி முன்னால் வந்து நின்றது.

உள்ளே பார்த்தேன். அஸ்லானின் பக்கத்தில் அவர் மனைவி ஃபரா, மடியில் நாலு வயது ஹன்னா. பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள், கையில் தூண்டில் கம்பும் பந்தும்.

மச்சான் யாரையும் பார்க்காமல் வண்டிக்கடியில் நுழைந்து கியர் பெட்டியில் கையை வைத்தார். சதை சுட்ட நாற்றம் வந்தது. வெளியே வந்து, எல்லாரையும் இறங்கச் சொன்னார். பிள்ளைகள் இறங்கினார்கள். அதன்பின் அவர் அஸ்லானிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மணலிலிருந்து எடுத்ததையும், சத்தத்தையும், பெயிண்டையும் வரிசையாகச் சொன்னார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

அஸ்லான் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் பள்ளத்தாக்கை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, வண்டி எடுக்க வந்தப்ப சொன்னேன்ல, லீவுக்குப் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறேன்னு?"

"சொன்னீங்க தம்பி."

"நீங்க சத்தத்தக் கேட்டது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

வழியெல்லாம் நான் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த வாதம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அஸ்லான் வேறெதுவும் கேட்கவில்லை. ஜீப்பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். சாமான்களை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். மச்சான் சக்கரத்தில் சாய்ந்து, வெந்த கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன்.

"நீ அவங்களோட போ," என்றார் மச்சான். "கீழ வழுக்கும். சின்னப் பிள்ளைய வாங்கித் தூக்கிக்க."

ஓடிப்போய் ஹன்னாவுக்குக் கை நீட்டினேன். குழந்தை சிரித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். ஃபரா அவளை இழுத்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேணாம் அங்கிள்," என்றாள். "நாங்க கீழ போய்ச் சேர்ற வரைக்கும் எங்க பின்னால வராதீங்க."